லிஃப்ட்டுக்குள் ஒரு கைரேகை

"செத்தவர்கிட்டேர்ந்து மெசேஜ் வருதுன்னா அது என் இலாகா இல்லம்மா," என்றார் மாமா. "உயிரோட இருக்கிறவங்களைப் பிடிக்கவே எனக்கு மூச்சு வாங்குது."

எங்களை வரவழைத்திருந்த டீச்சர் சிரிக்கவில்லை. செல்போனை மேஜைமேல் எங்கள் பக்கம் தள்ளி வைத்தார்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். துப்பறியும் நிபுணர் என்று போர்டு மாட்டியிருப்பவர். என் அக்காவைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு என்னையும் கட்டிக்கொண்டு அழுகிறார். வண்டி ஓட்டுவது, படம் எடுப்பது, அவருடைய பழைய ஜோக்குகளுக்குச் சிரிப்பது என் வேலை. சம்பளம் உண்டா என்று கேட்காதீர்கள், அது குடும்ப விஷயம்.

வெளியே மழை. மூன்றாவது மாடி வீட்டில் ஜன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன. கதவுக்குப் பின்னால் டீச்சருடைய கணவரின் மழைக்கோட்டு தொங்கியது. ஆள் போய் மாதங்களாகிவிட்டன, கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "தம்பி போட்டுட்டுப் போறான்," என்று டீச்சர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

போனைப் பார்த்தேன். *முடிஞ்சுது. கிளம்பறேன்.* அதே இரண்டு சொற்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக, விரல் வலிக்கிறவரை தள்ளினாலும் தீரவில்லை.

"அவருக்கு வேலையில உக்காந்தா வீட்டு ஞாபகமே இருக்காது சார்," என்றார் டீச்சர். "நான் சண்டை போட்டேன். அதனால அவர் கம்ப்யூட்டருக்கே சொல்லி வெச்சுட்டார். புரோகிராமைக் கட்டி முடிச்சதும் அதுவே எனக்கு மெசேஜ் அனுப்பிடும். அதைப் பார்த்துத்தான் அடுப்பைப் பத்த வெப்பேன்."

"சரி."

"அவர் பஸ்ல வரும்போது மாரடைப்புல போயிட்டார். கொஞ்ச நாள் கழிச்சு ஒரு சாயங்காலம் மெசேஜ் வந்துச்சு. நான் எந்திரிச்சுப் போய் அடுப்பைப் பத்த வெச்சுட்டேன் சார். தண்ணி கொதிக்கிறப்பதான் ஞாபகம் வந்துச்சு."

மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

டீச்சருடைய கணவர் ஒரு கம்பெனியில் லிஃப்ட்டுகளுக்கு புரோகிராம் எழுதியவர். அந்த முதல் மெசேஜ் வந்த சில நாட்களில் ஆஸ்பத்திரி ஒன்றில் நாலாவது மாடி லிஃப்ட் கதவு திறந்தது. கதவுக்குப் பின்னால் லிஃப்ட் இல்லை. அவசரமாக வந்த நர்ஸ் ஒருத்தி காலை வைத்தாள். கீழ் மாடியில் நின்றிருந்த லிஃப்ட்டின் கூரைமேல் போய் விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் அதே ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். கம்பெனி விசாரித்து, இறந்துபோனவர் எழுதிய ஒரு வரிதான் காரணம் என்று சொல்லிவிட்டது.

"தினம் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போறேன்," என்றார் டீச்சர். "உள்ளே போக முடியல. நான் அந்த ஆளோட பொண்டாட்டி, மன்னிச்சுக்கோன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லணும். அவர் தப்புதான்னா கால்ல விழுந்து சொல்லிடறேன் சார். இல்லாத தப்புக்கு அவர் பேரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டா அது அவருக்கு நான் பண்ற துரோகம். எதுன்னு தெரியாம ரெண்டு பக்கமும் செத்துட்டிருக்கேன்."

டீச்சரின் தம்பி டீ கொண்டுவந்து வைத்தான். இளைத்த உடம்பு, தூக்கமில்லாத கண்கள். அதே கம்பெனியில் வேலை, அத்தான் சேர்த்துவிட்டது. அவர் போன பிறகு அக்காவுக்குத் துணையாக இங்கேயே வந்துவிட்டானாம். "அக்காவைக் கொஞ்சம் சாப்பிடச் சொல்லுங்க சார்," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போனான்.

"மெசேஜ் இப்பவும் வருதா?" என்றார் மாமா.

"இல்ல, நின்னுடுச்சு. அந்தப் பொண்ணு விழுந்ததுக்கு அப்புறமும் தினம் வந்துச்சு. பைத்தியம்னு நினைப்பாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல. ஒரு நாள் மனசு தாங்காம தம்பிகிட்ட சொல்லி அழுதேன். அதோட சரி. வெளியில சொன்னதுல அவருக்குக் கோபம் போல."

மாமா டீயை ஒரே மடக்கில் குடித்தார். அவருக்குச் சூடு ஆகாது. மனசு வேறெங்கோ இருந்தால்தான் அப்படிக் குடிப்பார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு லிஃப்ட்டுகள். ஒன்றுக்கு சீல் வைத்திருந்தார்கள். இன்னொன்று நன்றாகவே ஓடியது, ஆனால் ஏற ஆளில்லை. இடுப்பு வலிக்காரர்கள்கூட கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறினார்கள். மாமாவும் படியேறினார். அறிவுக்குப் பேர்போன மனிதர், நானென்ன சொல்ல, பின்னாலேயே போனேன்.

மொட்டைமாடிக்குக் கீழே மோட்டார் அறை. லிஃப்ட் மெக்கானிக் சாவியைப் போட்டு சீல் வைத்த லிஃப்ட்டுக்கான இரும்புப் பெட்டியைத் திறந்தார். உள்ளே உள்ளங்கை அளவு திரை. பட்டனை அமுக்கியதும் 4.2 என்று காட்டியது.

"கம்பெனி ரிப்போர்ட்லயும் 4.2 தானே மாமா," என்றேன். "டீச்சர் வீட்டுக்காரர் கடைசியா அனுப்பின புரோகிராமோட நம்பர். கேஸ் முடிஞ்சுது, வாங்க, இறங்கும்போதாவது லிஃப்ட்ல போலாம்."

"பேரு சரியா இருக்கு மச்சான். ஆளு சரியான்னு பாக்கணும்." மெக்கானிக்கிடம் திரும்பினார். "இதுல வேற ஏதாவது காட்டுமா?"

"இன்னொரு பட்டன் இருக்கு சார். அமுக்கினா ரெண்டு வரிக்கு என்னென்னமோ வரும். எதுக்குன்னு யாரும் சொன்னதில்ல."

அமுக்கினார். எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக ஏதோ வந்தது. விடை தெரியாதவன் பரீட்சை பேப்பரை நிரப்பிய மாதிரி இருந்தது. மாமா படம் எடுக்கச் சொன்னார்.

எடுத்துக்கொண்டிருக்கும்போதே பெட்டிக்குள் டக்கென்று ஒரு சத்தம். சிவப்பு விளக்கு ஒன்று எரிந்து அணைந்தது. மறுபடி எரிந்தது. நாலாவது மாடி என்று அதன் பக்கத்தில் எழுதியிருந்தது.

"சீல் வெச்ச லிஃப்ட்டை யாரு கூப்பிடறது?" என்றேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன்.

"அந்த நர்ஸோட அம்மா," என்றார் மெக்கானிக். "தினம் வந்து பட்டனை அமுக்கிட்டு நிக்கறாங்க, கதவு தானா திறக்குதான்னு பாக்க. கதவைப் பூட்டு போட்டுப் பூட்டியாச்சு, இனிமே திறக்காதும்மான்னு சொல்லிட்டேன். கேக்கறதில்ல."

விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. நாங்கள் மூவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு மாமா பெட்டியைச் சாத்தச் சொன்னார்.

கம்பெனியில் எங்களுக்குக் கிடைத்தவர் ஒரு இன்ஜினீயர் அம்மாள். இதுவரை வெளியே போன எல்லா புரோகிராமையும் பத்திரப்படுத்தி வைப்பது அவர் பொறுப்பு. ஆபீஸில் அவரை 'கோடவுன்' என்றுதான் கூப்பிட்டார்கள், அவரும் அதற்கே திரும்பிப் பார்த்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அந்த ரிப்போர்ட்டை நான் எழுதல," என்று ஆரம்பித்தார். "முதல்லயே சொல்லிடறேன்."

"எழுதினவரைத் திட்டறதுக்கு முன்னாடி, இது என்னன்னு சொல்லுங்கம்மா." மாமா படத்தைக் காட்டினார்.

"கைரேகை."

"லிஃப்ட்டுக்கா?"

"புரோகிராமுக்கு. நாங்க எழுதறது மனுஷனுக்குப் புரியற வரிங்க. அதை மெஷின் எண்ணா மாத்திக் கட்டுவோம், அதுக்கு பில்டுன்னு பேரு. லிஃப்ட்டுக்குப் போறது வெறும் எண்கள்தான். எந்த எண் எந்த வரிலேர்ந்து வந்துச்சுன்னு காட்ட ஒரு மேப் கூடவே பொறக்கும். அது பெரிசு, லிஃப்ட்டுக்குத் தேவையும் இல்ல. இங்கயே வெச்சுப்போம்."

"ரெட்டைப் பிள்ளைங்க," என்றேன். "ஒண்ணு வேலைக்குப் போகுது, ஒண்ணு வீட்டுலயே இருக்கு. எங்க குடும்பத்துல நான் ரெண்டாவது."

"ரெண்டு மேலயும் ஒரே ரேகை இருக்கும்," என்றார் அவர், என்னைக் கண்டுகொள்ளாமல். "உள்ளே இருக்கிறதை வெச்சுக் கணக்குப் போட்டு மெஷினே குத்திடும். உள்ளே ஒரு எண் மாறினாலும் ரேகை மொத்தமா மாறிடும். 4.2-ங்கறது நாம வெக்கிற பேரு. யார் வேணா எதுக்கு வேணா வெக்கலாம். ரேகையை அப்படி வெக்க முடியாது."

தன் கம்ப்யூட்டரில் 4.2-இன் மேப்பைத் தேடி எடுத்தார். அதன் ரேகையையும் எங்கள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முதல் எழுத்தே ஒத்துப்போகவில்லை. எள்ளும் கொள்ளும் சட்டென்று அடங்கிப்போய் முகம் வெளுத்தது.

"லிஃப்ட்ல இருக்கிறது என்கிட்ட இல்ல," என்றார் மெதுவாக.

"அப்ப ரிப்போர்ட் எழுதின உங்க மேனேஜர் எப்படி ஒரு வரியைக் கண்டுபிடிச்சார்?"

"கதவு திறந்தப்ப புரோகிராம் எங்க இருந்துச்சுன்னு லிஃப்ட் ஒரு எண்ணைக் குறிச்சு வெச்சிருந்துச்சு. அவர் 4.2-ன்னு பேரைப் பார்த்தார், என் 4.2 மேப்பை எடுத்து அந்த எண்ணைத் தேடிட்டார். எங்க கருவி பழசு. ரேகை ஒத்துப்போகுதான்னு பாக்காது. தப்பான மேப்பைக் குடுத்தாலும் ஒரு வரியைக் காட்டும், கொஞ்சம்கூடக் கூச்சப்படாம காட்டும்."

"வேற ஊர் மேப்பை வெச்சுக்கிட்டு வீடு தேடின கதை," என்றேன்.

"தேடிப் போய்ச் சேர்ந்த வீட்டுல செத்துப்போன ஒருத்தர் இருந்தார்," என்றார் மாமா. "அவர் எந்திரிச்சு வந்து நான் இல்லைன்னு சொல்ல மாட்டார். சரியான மேப் எங்க கிடைக்கும்மா?"

கோடவுன் தயங்கினார். "செத்துப்போனவரோட மெஷின்ல இருக்கலாம். ஆனா அந்தப் பக்கம் யாரும் போறதில்ல."

மாடியின் கடைசியில் இருந்தது அந்த மேஜை. சுற்றியிருந்த நாலைந்து இடங்களைக் காலி செய்துவிட்டு ஆட்கள் வேறு பக்கம் போயிருந்தார்கள். மேஜைக்கடியில் ஒரு கம்ப்யூட்டர் விடாமல் உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே மழையில் பகலே கருத்திருந்தது. நாங்கள் பக்கத்தில் போனதும் திரை வெளிச்சமானது. யாரும் தொடவில்லை. எழுத்துகள் வரிவரியாக மேலே ஓடின. நாற்காலி காலியாக இருந்தது.

மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன் என்று அவர் பிறகு வீட்டில் சொன்னார், அது பொய்.

"வெளியிலேர்ந்து யாரோ அவர் பேர்ல உள்ளே வந்து பில்டு போடறாங்க," என்றார் கோடவுன். "பாஸ்வேர்டை மாத்துங்கன்னு கத்திட்டேன். லிஃப்ட்டுக்கு அனுப்பற அனுமதி இந்த ஒரு மெஷினுக்குத்தான் இருக்கு, கை வெச்சா எல்லாம் நின்னுடும்னு மேனேஜருக்குப் பயம். நானும் பயந்துட்டுதான் இருந்தேன், அது வேற பயம்."

அவர் நின்றுகொண்டே தட்டினார், அந்த நாற்காலியில் உட்காரவில்லை. மேப்புகளெல்லாம் ரேகைவாரியாக அடுக்கியிருந்தன. எங்கள் படத்தில் இருந்த ரேகை அங்கே இருந்தது, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை. அந்த மேப்பை வைத்து லிஃப்ட் குறித்துவைத்த எண்ணைத் தேடினார். திரையில் ஒரு வரி வந்து நின்றது.

"கதவைத் திறக்கிற இடம்," என்றார். "திறக்கறதுக்கு முன்னாடி, லிஃப்ட் வந்துடுச்சான்னு ரெண்டு தடவை கேட்டு உறுதி பண்ணணும். ரெண்டாவது கேள்வியைக் காணோம். கதவு லேட்டா திறக்குதுன்னு ஆஸ்பத்திரிலேர்ந்து புகார் வந்துட்டிருந்துச்சு. யாரோ அதை எடுத்துட்டு வேகமாக்கியிருக்காங்க."

"எப்ப கட்டினது?"

தேதியைப் பார்த்தார். மாமா டீச்சரின் போனை நான் எடுத்திருந்த படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அவர் போன பிறகு முதல் மெசேஜ் வந்த அதே சாயங்காலம்.

"அப்ப இது அவர் செத்ததுக்கு அப்புறம் பொறந்தது," என்றேன். "மேனேஜர்தான் மாமா. தானே பண்ணிட்டு, செத்தவர் தலையில கட்டிட்டார்."

"அவருக்கு பில்டு போடவே தெரியாது," என்றார் கோடவுன். "அன்னிக்கே முடிங்கன்னு விரட்டத்தான் தெரியும்."

அவர் மற்ற மேப்புகளைத் திறந்து பார்த்தார். விபத்துக்குப் பிறகு தினமும் ஒன்று. எல்லாவற்றிலும் அதே இடம். அந்தக் காணாமல்போன கேள்வியை யாரோ திரும்ப வைத்துக் கட்டியிருந்தார்கள், மறுநாள் இன்னொரு விதமாக வைத்துக் கட்டியிருந்தார்கள். ஒன்றுகூட லிஃப்ட்டுக்குப் போகவில்லை. உடைந்த பாத்திரத்தை ஒட்டி ஒட்டிப் பார்க்கிற மாதிரி, யாருக்கும் உதவாத வேலை.

"தினம் பில்டு நடக்குது," என்றார் மாமா. "முடிஞ்சா டீச்சருக்கு மெசேஜ் போகணுமே. ஏன் நின்னுச்சு?"

கோடவுன் தேடிப் பார்த்தார். "மெசேஜ் அனுப்பற வரியை மட்டும் தனியா அணைச்சு வெச்சிருக்காங்க."

மாமா காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றார். "மச்சான், இந்த பில்டு பேய்க்கு மெசேஜ் போற விஷயமே தெரியாது. தெரிஞ்சதும் அணைச்சுடுச்சு. அதுக்கு யார் சொல்லியிருப்பாங்க?"

டீச்சர் உலகத்தில் ஒரே ஒருத்தரிடம்தான் அதைச் சொல்லியிருந்தார்.

மாமாவை ஏற்றிக்கொண்டு நேரே டீச்சர் வீட்டுக்கு வண்டியை ஓட்டினேன்.

டீச்சர் கதவைத் திறந்தார். மாமா நின்றபடியே சொன்னார். "உங்க வீட்டுக்காரர் தப்பு பண்ணலம்மா. அவர் அனுப்பின புரோகிராம் அந்த லிஃப்ட்லயே இல்ல."

டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "நிஜமாவா சார்," என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு, "அப்ப யாரு?" என்றார்.

உள்ளறைக் கதவு திறந்திருந்தது. தம்பி அங்கே நின்றான். அவனுக்குப் பின்னால் கட்டில்மேல் லேப்டாப்பில் எழுத்துகள் வரிவரியாக மேலே ஓடிக்கொண்டிருந்தன.

"நான்தான்க்கா."

டீச்சருக்கு முதலில் புரியவில்லை. அவன் தரையைப் பார்த்துப் பேசினான். "அன்னிக்கே முடிக்கணும்னு மேனேஜர் தலைமேல நின்னார். அத்தானோட பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். நம்பரை மாத்தினா டெஸ்டிங்குக்குப் போகணும், நாளாகும். அதனால 4.2-ன்னே விட்டுட்டேன். சொல்லிடணும்னுதான்க்கா இருந்தேன். அதுக்குள்ள ரிப்போர்ட் அத்தான் பேர்ல வந்துடுச்சு. அவருக்கு இனிமே என்ன ஆயிடப்போகுதுன்னு..."

"எனக்கு?"

அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"இதே இடத்துல உக்காந்து அவரைத் திட்டினேனே," என்றார் டீச்சர். "ஒரு பொண்ணைப் படுக்கையில போட்டுட்டுப் போயிட்டியேன்னு வாயில வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேனே. அப்ப நீ எங்கடா இருந்த?"

"உன் பக்கத்துலதான்க்கா."

"என்ன சொல்லி என்னைத் தேத்தின?"

"அத்தான் வேணும்னு பண்ணலக்கான்னு சொன்னேன்."

நானும் ஒரு அக்காவுக்குத் தம்பிதான். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. மாமா என் தோளில் கை வைத்தார், போகாதே என்பதுபோல.

டீச்சர் அடிப்பார் என்று நினைத்தேன். எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். "செருப்பைப் போடு," என்றார்.

"எங்கக்கா?"

"இவ்வளவு நாளா நான் வாசலோட திரும்பி வந்த இடத்துக்கு."

ஆஸ்பத்திரியில் படியேறினோம். டீச்சர் முன்னால், தம்பி பின்னால், நாங்கள் கடைசியில். வார்டில் அந்த நர்ஸ் கழுத்துவரை போர்த்திப் படுத்திருந்தாள். சின்ன வயசு. பக்கத்து ஸ்டூலில் அவள் அம்மா.

"நீங்க யாரு?" என்றாள் நர்ஸ்.

டீச்சர் அந்தக் கேள்விக்கு எத்தனையோ நாளாக ஒரு பதில் வைத்திருந்தார். வாய் அதற்குத்தான் போனது. நிறுத்திக்கொண்டார். "நான் இவனோட அக்கா," என்றார். "அந்த லிஃப்ட்டுக்கு புரோகிராம் அனுப்பினது இவன். என் வீட்டுக்காரர் இல்ல." அவனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

அவன் கைகூப்பினான். நர்ஸ் அவனையே பார்த்தாள். திட்டுவாள், கத்துவாள் என்று நாங்கள் காத்திருந்தோம்.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள். "விழுந்ததுக்கு முன்னாடி நடந்தது எனக்கு ஞாபகமே வரல. ரிப்போர்ட்டையும் யாரும் எங்ககிட்ட காட்டல. கதவு தானா திறந்துச்சா? இல்ல, நான் அவசரத்துல இழுத்துத் திறந்தேனா? பாத்துப் போயிருக்கக் கூடாதான்னு அம்மா கேட்டுட்டே இருக்காங்க. எனக்குப் பதில் தெரியல."

"தானாத்தான் திறந்துச்சு," என்றான் அவன். "திறக்கவே கூடாதுன்னு சொல்ற வரியை நான்தான் எடுத்தேன். நீங்க எதுவும் பண்ணலங்க."

நர்ஸ் மெல்ல ஸ்டூல் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"அம்மா, கேட்டியா," என்றாள்.